குட்டி டரான்டுலாவுக்குப் பாதுகாப்பாகத் தீனி போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டரான்டுலா என்பது உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி. ஆரோக்கியமான டரான்டுலா குஞ்சு வெறும் பட்டினியால் சாவது அபூர்வம். தண்ணீர் இல்லாமல் வறண்டுபோவது, தோலுரிக்கும் நேரத்தில் பெட்டிக்குள் மறந்துவிட்ட இரை அதைக் கடித்துவிடுவது, வயிறு உப்பிய நிலையில் உயரத்திலிருந்து விழுவது ஆகியவைதான் உண்மையான ஆபத்துகள். மூன்றுமே தீனி போடும் நம் கையில் இருப்பவை. அதனால் என்ன இரை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதோடு, எப்போது போடக்கூடாது, போட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

வளர்ப்பவர்கள் சின்னக் குஞ்சுகளை ஸ்லிங் என்பார்கள். முன்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கால் நுனிவரை குறுக்காக அளந்து வருவதுதான் டரான்டுலாவின் அளவு. அந்த அளவில் சுமார் 4 செ.மீ. வரை ஸ்லிங், அதற்கு மேல் ஜுவனைல், அதாவது இளம் சிலந்தி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே பேசப்போவது பெரும்பாலும் ஸ்லிங் பற்றி. கடைசியில் ஜுவனைல் பற்றியும் கொஞ்சம் வரும்.

அது எப்படிச் சாப்பிடுகிறது?

இது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். டரான்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும் பார்வை மோசம். காலிலும் உடம்பிலும் இருக்கும் மெல்லிய உணர்முடிகள் வழியாக, மண்ணின் அதிர்வையும் காற்றின் அசைவையும் வைத்துத்தான் இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து பிடித்து, நச்சுப்பற்களை இறக்குகிறது. அப்புறம் செரிமான நீரை இரையின் மேல் விட்டு, உள்ளிருக்கும் சதையைக் கரைத்து, அந்தத் திரவத்தை மட்டும் உறிஞ்சிக் குடிக்கிறது. கெட்டியான எதையும் அதனால் விழுங்க முடியாது. கடைசியில் ஓடும் காலும் இறக்கையும் சேர்ந்த ஒரு சின்ன உருண்டைதான் மிஞ்சும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, இரை உயிரோடு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. செத்த பூச்சியையும் ஸ்லிங் தேடிவந்து உறிஞ்சும். ஆரம்பக் கட்டத்தில் இதுவே நமக்குப் பெரிய வசதி. இரண்டு, சாப்பிட்டு முடித்த மிச்சம் ஈரமான பெட்டிக்குள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதை எடுத்தே ஆக வேண்டும்.

படி 1: இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

டரான்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே ஒரே மாதிரி சாப்பிடாது, ஒரே வேகத்தில் வளராது. கிராமோஸ்டோலா வகைகள் மெதுவாக வளரும், நீண்ட நாள் சாப்பிடாமல் சும்மா இருக்கும். நீலக் கால்களோடு அழகாக இருக்கும் குரோமட்டோபெல்மா குட்டியிலிருந்தே பசியோடு பாயும். ஆவிகுலேரியா, கரிபெனா போன்றவை மரவாசிகள். பெட்டியின் மேல்பாதியில் வலை பின்னி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். தரையில் போட்ட தீனி அவற்றின் கவனத்துக்கே வராமல் போகலாம். சிரியோபாகோபஸ் போன்றவை மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. இவற்றுக்கு வளை வாசலில் தீனி வைத்தால்தான் வேலை நடக்கும்.

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இனங்கள் பலவற்றின் வயிற்றில் அரிப்பு உண்டாக்கும் முடிகள் இருக்கும். பயந்தால் பின்காலால் அதைத் தட்டிவிடும். ஆசியா, ஆப்பிரிக்கா இனங்களுக்கு அந்த முடி கிடையாது. அதற்குப் பதிலாக வேகமும், அதிக வீரியமுள்ள விஷமும் உண்டு. பெட்டியைத் திறக்கும் முறையே இதைப் பொறுத்து மாறும் என்பதால், இனம் உறுதியாகத் தெரியாமல் வாங்காதீர்கள். வாங்கும் இனத்தை வளர்க்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிராகிபெல்மா, பொயிசிலோதெரியா உள்ளிட்ட சில பேரினங்கள், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. காட்டிலிருந்து பிடித்து வந்ததை விட்டுவிட்டு, வளர்ப்பில் பிறந்த குஞ்சைத் தேடி வாங்குவது அந்த இனத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

புதிதாக வந்த குஞ்சுக்கு அன்றைக்கே தீனி போட வேண்டாம். பயணக் களைப்பு தீர்ந்து இடம் பழக நான்கைந்து நாள் விடுங்கள். தண்ணீர் மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

படி 2: காலண்டரை விட்டு வயிற்றைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். டரான்டுலாவின் உடம்பு இரண்டு பகுதி. முன்னால் கால்கள் முளைக்கும் கெட்டியான பகுதி, பின்னால் பை போன்ற வயிறு. முன்பகுதியின் மேலோடு அடுத்த தோலுரிப்புவரை அளவு மாறாது. வயிறு மட்டும் சாப்பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். ஆகவே மேலோட்டை அளவுகோலாக வைத்து வயிற்றை ஒப்பிட வேண்டும்.

வயிறு மேலோட்டைவிடச் சின்னதாக, தொய்ந்து அல்லது சுருங்கித் தெரிந்தால் பசியோ தாகமோ இருக்கிறது. முதலில் தண்ணீர், அடுத்து தீனி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் வழக்கம்போல் போடலாம். வயிறு மேலோட்டைப்போல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டதா? தீனியை நிறுத்திவிட்டுத் தோலுரிப்புக்குக் காத்திருக்கலாம். அதையும் தாண்டி உருண்டையாக, தோல் இழுபட்டுப் பளபளக்கும் நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த வயிற்றின் தோல் மிகவும் மெல்லியது. உப்பிய வயிற்றோடு ஒரு தரைவாசி சுவரில் ஏறி, சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லின் மேல் விழுந்தாலே வயிறு கிழிந்து உயிர் போகலாம். தரைவாசிகளின் பெட்டியில் மண்ணுக்கும் மூடிக்கும் இடையே, சிலந்தியின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

குஞ்சு கண்ணில் படாமல் வளைக்குள்ளேயே இருந்தால் தோண்டிப் பார்க்காதீர்கள். ராத்திரி, சிவப்பு வெளிச்சமோ மங்கலான டார்ச்சோ வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாசலுக்கு வந்திருக்கும்.

படி 3: சரியான இரையைத் தேர்ந்தெடுங்கள்

இரையின் நீளம் குஞ்சின் வயிற்று நீளத்தைத் தாண்டக் கூடாது. உயிருள்ள இரைக்கு இது கண்டிப்பான விதி. செத்த இரையாக இருந்தால் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, அது திருப்பிக் கடிக்கப் போவதில்லை.

அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மிகச் சின்னக் குஞ்சுகளுக்குப் பறக்க முடியாத பழ ஈ அருமையான தொடக்கம். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கடிக்காது. ஒரே குறை, ஒன்றிரண்டு ஈ வயிறு நிறையப் போதாது. அதனால் குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் வேறு இரைக்கு மாறிவிடுவது நல்லது.

அப்போது பிறந்த சுவர்க்கோழிக் குஞ்சுகள் அடுத்த தேர்வு. குண்டூசித் தலை அளவில் இருக்கும், நன்றாகத் துள்ளும், அந்த அசைவே குஞ்சைப் பாயவைக்கும். ஆனால் சுவர்க்கோழிக்குத் தாடை பலம். பசித்தால் எதையும் கடிக்கும், தோலுரிக்கும் சிலந்தியையும் விடாது. பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகும் இரை இது அல்ல.

தீனிக்காகவே வளர்க்கப்படும் கரப்பான் குஞ்சுகள், குறிப்பாக டுபியா, ரெட் ரன்னர் இரண்டும் சத்தானவை. ரெட் ரன்னர் விறுவிறுவென ஓடும், வழவழப்பான சுவரில் ஏறாது. டுபியா மண்ணுக்குள் புதைந்து அசையாமல் கிடந்துவிடும், சிலந்திக்கு இருப்பதே தெரியாது. டுபியா போடுவதென்றால் தலையை நசுக்கிவிட்டுப் போடுங்கள். சிறிது நேரம் கால்கள் துடித்துக்கொண்டிருக்கும், அதுவே போதும்.

மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழு கிடைப்பதும் வைத்துக்கொள்வதும் எளிது. எனக்கு மிகவும் பிடித்த இரையும் இதுதான். காரணம், துண்டாக்கிப் போடலாம் என்பதால் ஒரே அளவுப் புழுவை வைத்து எந்த அளவுக் குஞ்சுக்கும் சமாளித்துவிடலாம். முழுசாக உயிரோடு மட்டும் போடாதீர்கள். மண்ணுக்குள் இறங்கிவிடும், கொஞ்ச நாளில் வண்டாக மாறி வெளியே வரும், நடுவில் தோலுரிக்கும் குஞ்சைக் கண்டால் கடிக்கும்.

வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் பிடித்த பூச்சிகளைப் போடவே கூடாது. பூச்சி மருந்து பட்டிருக்கலாம், ஒட்டுண்ணி இருக்கலாம். வளர்ப்பு டரான்டுலாக்களின் வாய்ப்பகுதியைத் தாக்கிக் கொல்லும் ஒரு நூற்புழு இனத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் முறையாக விவரித்திருக்கிறார்கள். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. பெட்டியைச் சுத்தமாக வைப்பதும், நம்பகமான இடத்தில் இரை வாங்குவதும்தான் தடுப்பு.

எறும்பு, வண்டு, மின்மினி, கம்பளிப்பூச்சி எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய இறைச்சித் துண்டும் வேண்டாம், சீக்கிரம் கெட்டு நாறும். சுண்டெலிக் குஞ்சு போன்ற முதுகெலும்புள்ள இரை இந்த வயதுக்குத் தேவையே இல்லை. பல்லி, ஓணான் வளர்ப்பவர்கள் இரைமேல் தூவும் கால்சியம் பொடியும் இதற்கு வேண்டியதில்லை.

படி 4: இரைக்கு முதலில் சாப்பாடு

கடையிலிருந்து வரும் பூச்சிகள் பல நாள் பட்டினியாக இருந்திருக்கும். அவற்றை அப்படியே போட்டால் குஞ்சுக்குக் கிடைப்பது வெறும் ஓடும் கொஞ்சம் தண்ணீரும்தான். ஒரு நாளாவது கேரட், கீரை, ஓட்ஸ் கொடுத்துத் தேற்றிவிட்டுப் போடுங்கள். கேரட்டிலிருக்கும் ஈரமும் இரை வழியாகக் குஞ்சுக்குப் போய்ச் சேரும். காயை நன்றாகக் கழுவுங்கள்.

படி 5: கருவிகளை எடுத்து வைத்து, அப்புறம் மூடியைத் திறங்கள்

25 செ.மீ. நீளமாவது உள்ள இடுக்கி, மெல்லிய பெயின்ட் பிரஷ், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சின்னக் கப், அதை மூட ஒரு அட்டை, டார்ச். இவ்வளவு போதும். எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கப்பைத் தேடப் போவது குஞ்சு தப்பிக்க நல்ல வாய்ப்பு.

பெட்டியை அகலமான தட்டுக்குள்ளோ பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள்ளோ வைத்துத் திறங்கள். திறப்பதற்கு முன் குஞ்சு எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். மரவாசிகள் பல நேரம் மூடியிலேயே வலை கட்டி உட்கார்ந்திருக்கும். மூடியைத் தூக்கினால் குஞ்சும் சேர்ந்து வரும். அப்படி இருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், அல்லது பக்கவாட்டில் தீனி போட மட்டும் ஒரு சின்னத் துளை வைத்து, பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளைகளும் குஞ்சின் மேலோட்டைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். மேலோடு நுழைகிற ஓட்டையில் முழு உடம்பும் நுழைந்துவிடும்.

கையை முன்கூட்டியே கழுவுங்கள். கொசு விரட்டிக் களிம்பு, நாய் பூனைக்குப் போடும் உண்ணி மருந்து, பூச்சி ஸ்ப்ரே ஆகியவை பூச்சிகளை விரட்டவோ கொல்லவோ செய்யப்பட்டவை. சிலந்திக்கும் அவை நஞ்சு. குஞ்சு இருக்கும் அறையில் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது.

படி 6: தீனி போடும் நேரம்

டரான்டுலா இரவு விலங்கு. சாயங்காலமோ ராத்திரியோ போட்டால் ஏற்பு நன்றாக இருக்கும்.

மாவுப்புழுத் துண்டு போடும் முறையைச் சொல்கிறேன். புழுவை ஒரு காகிதத்தில் வைத்து, தலையை இடுக்கியால் ஒரே அழுத்தாக அழுத்தி நசுக்குங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் புழுவுக்குத்தான் வேதனை. பிறகு குஞ்சின் வயிற்று அளவுக்குப் பிளேடால் நறுக்குங்கள். வெட்டிய பக்கத்தில் வெள்ளையாகக் கசிவு வரும். அதுதான் குஞ்சை இழுக்கும். துண்டை இடுக்கியில் பிடித்து, குஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மண்ணில் புதையாதபடி ஒரு சின்ன இலை அல்லது மரப்பட்டைத் துணுக்கின் மேல் வையுங்கள். வலை கட்டியிருந்தால் வலையின் மேலேயே வைக்கலாம், இழை வழியாகத் தகவல் போய்விடும். மரவாசிக்கு வலைக்குழாயின் வாயில் ஒட்டினாற்போல் வையுங்கள்.

அசைவு இல்லாததால் சில குஞ்சுகள் உடனே வராது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ராத்திரி முழுவதும் இருக்கிறது. பல நேரம் காலையில் பார்த்தால் துண்டு வளைக்குள் போயிருக்கும்.

உயிருள்ள சின்ன இரை என்றால் ஒன்றே ஒன்று போடுங்கள். நாலைந்தைக் கொட்டினால் குஞ்சு மிரண்டு ஓடி ஒளியும். முன்காலைத் தூக்கி, உடம்பை நிமிர்த்தி நின்றால் அது மிரட்டல். பசியில்லை, தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். உடனே இரையை எடுத்துவிடுங்கள்.

இடுக்கியில் பிடித்தபடியே வாய்க்கு நேராக நீட்டுவது பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம். உலோகத்தில் பாய்ந்தால் நச்சுப்பல் சேதமாகலாம், இடுக்கி வழியாகக் கைக்கு ஏறியும் வந்துவிடலாம். இரையைப் போட்டுவிட்டு இடுக்கியை எடுத்துக்கொள்வதே சரி.

இரை கிடைத்ததும் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். பல குஞ்சுகள் இரையைக் கவ்வியபடி கால்நுனியில் எழும்பி நின்று, மெதுவாக வட்டமடிக்கும். பின்னாலிருக்கும் இழைக்குழல்கள் இரண்டும் மாறி மாறித் தரையைத் தடவும். சாப்பிடுவதற்காக ஒரு பட்டுப் பாய் விரிக்கிறது அது. பிறகு இரையை அந்தப் பாயோடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் குனிந்து அசையாமல் நின்றுவிடும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு குஞ்சு, வளர்ந்த சிலந்தி செய்யும் அத்தனையையும் அப்படியே செய்வதைப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். அந்த நேரத்தில் பெட்டியை அசைக்காதீர்கள். பயந்தால் இரையைப் போட்டுவிட்டு ஓடிவிடும், பலவேளை திரும்பி வராது.

படி 7: போட்ட பிறகு செய்ய வேண்டியது

24 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் சாப்பிடாத இரையை, உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், எடுத்துவிடுங்கள். உயிருள்ள இரை கண்ணில் படவில்லை என்றால் சாப்பிட்டிருக்கும் என்று முடிவு கட்டாமல், மிச்ச உருண்டை எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். உருண்டை கிடைத்தால்தான் உறுதி. இந்த உருண்டையையும் அப்புறப்படுத்த வேண்டும். கிடந்தால் பூஞ்சையும் சிற்றுண்ணிகளும் வரும், ஃபோரிட் எனப்படும் சின்ன ஈக்கள் மொய்க்கும். நூற்புழுவைப் பெட்டிக்குப் பெட்டி கொண்டு போவதாகச் சந்தேகிக்கப்படுபவை இந்த ஈக்கள். இரண்டு மூன்று குஞ்சுகள் வைத்திருந்தால் ஒரு பெட்டியில் எடுத்த மிச்ச இரையை இன்னொரு பெட்டியில் போடாதீர்கள்.

ஈரமான பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய உயிரினத்தை விட்டுவைப்பது நல்ல உதவி. பூஞ்சையையும் நுணுக்கக் கழிவையும் அதுவே தின்றுவிடும், குஞ்சை ஒன்றும் செய்யாது.

தேதி, போட்ட இரை, சாப்பிட்டதா இல்லையா என்று பெட்டியின் மேலேயே ஒட்டிய சீட்டில் எழுதுங்கள். தோலுரித்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள். மூன்று நான்கு தோலுரிப்புக்குப் பின் அந்தக் குஞ்சு எத்தனை நாளைக்கு ஒருமுறை உரிக்கிறது, அதற்கு எத்தனை நாள் முன்பு தீனியை நிறுத்துகிறது என்பது அந்தச் சீட்டிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர்

இதைத் தீனியைவிட முக்கியமாக நினைக்கிறேன். சிலந்தி தன் காலை நீட்டுவதே உடம்பிலிருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். தண்ணீர் குறைந்தால் அந்த அழுத்தம் குறையும், கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கத் தொடங்கும். குஞ்சுகளின் மெல்லிய தோல் வழியாக ஈரம் சீக்கிரம் போய்விடும் என்பதால் பெரிய சிலந்தியைவிடக் குஞ்சு வேகமாக வறளும்.

மண்ணின் ஒரு பாதி ஈரமாகவும் மறுபாதி காய்ந்தும் இருக்கட்டும். எது வேண்டுமோ அதைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும். பெட்டியில் இடமிருந்தால் பாட்டில் மூடியில் தண்ணீர் வையுங்கள். இடமில்லாத சின்ன டப்பா என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை சுவரிலோ வலையிலோ சில சொட்டுகள் விட்டால் போதும், குஞ்சின் மேல் படாமல். பஞ்சு, ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள். அதில் கிருமி வளரும், சுத்தமான தண்ணீரைக் குடிப்பதுதான் சிலந்திக்கும் எளிது. அதேசமயம் மண் சேறாக, சுவரெல்லாம் நீர் கோத்து, காற்றோட்டம் இல்லாமல் இருப்பதும் கெடுதல்தான். ஆவிகுலேரியா, கரிபெனா குஞ்சுகள் இப்படிப்பட்ட புழுக்கத்தில் இறந்துபோகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

1 செ.மீ.க்குக் குறைவான குஞ்சுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. 1 முதல் 4 செ.மீ. வரை வாரம் ஒன்றோ இரண்டோ முறை. மெதுவாக வளரும் இனம் என்றால் வாரம் ஒருமுறை தாராளம். அறை வெப்பம் 22 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பசி சீராக இருக்கும். குளிரில் பசி குறையும், அதற்காக வெப்ப விளக்கை மேலே தொங்கவிட வேண்டாம். அது குஞ்சை வறட்டிவிடும். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று தினமும் திணிப்பதை நான் ஆதரிப்பதில்லை. குஞ்சுப் பருவம் திரும்பி வராது, அதை அவசரப்படுத்த ஒரு காரணமும் இல்லை.

தோலுரிப்பு: தீனியை நிறுத்த வேண்டிய காலம்

டரான்டுலா வளர்வதே தோலுரித்துத்தான். குஞ்சுகள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும், மெதுவான இனங்களுக்கு இன்னும் அதிக நாள் ஆகும். வருவதற்கு முன் அறிகுறிகள் தெரியும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது திடீரென்று மறுக்கும். வயிறு பெருத்து, நிறம் கருத்து, பளபளக்கும். நடமாட்டம் குறையும். வளை வாசலை மண்ணாலும் வலையாலும் அடைத்துக்கொள்ளும். வாசல் அடைபட்டிருந்தால் அது பூட்டிய கதவு. திறந்து உள்ளே தீனி போடக் கூடாது. தண்ணீர் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உரிக்கும்போது பெரும்பாலும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். செத்துவிட்டதோ என்று பதறித் தொடாதீர்கள். உயிர் போகும் நிலையில் சிலந்தி பொதுவாக நிமிர்ந்தபடியே இருக்கும், கால்கள் அடியில் சுருண்டிருக்கும். மல்லாந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். குஞ்சுக்கு ஒரு மணி நேரத்துக்குள்கூட முடிந்துவிடலாம்.

உரித்து முடித்ததும் உடம்பு முழுக்க மிருதுவாக இருக்கும். நச்சுப்பல்லும் புதியது. முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கருக்கும். கருத்த பிறகே தீனி. மிகச் சின்னக் குஞ்சுக்கு நான்கைந்து நாள், கொஞ்சம் பெரியதற்கு ஒரு வாரம், ஜுவனைலுக்குப் பத்து நாள் வரை காத்திருங்கள். முதல் தீனி சின்னதாகவும் செத்ததாகவும் இருக்கட்டும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறதே?

வயிறு நல்ல அளவில் இருந்து, நடை சரியாக இருந்து, தண்ணீரும் இருந்தால் வாரக்கணக்கில் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வாரம் ஒருமுறை ஒரு சின்னத் துண்டு வைத்துப் பாருங்கள், தொடாவிட்டால் மறுநாள் எடுத்துவிடுங்கள். பெட்டி மிகப் பெரிதாக இருந்தால் இரையைக் கண்டுபிடிக்க முடியாமல் இருக்கலாம். குஞ்சின் அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலம் போதும்.

கவலைப்பட வேண்டியது வேறு. வயிறு சுருங்கிக்கொண்டே போவது, கால்கள் அடியில் மடங்குவது, தள்ளாடி நடப்பது. இப்படி இருந்தால் குஞ்சின் வாய் படும்படி ஒரு சொட்டுத் தண்ணீரைப் பிரஷ் நுனியால் வையுங்கள், மண்ணை ஈரமாக்குங்கள். வெறும் வறட்சியாக இருந்தால் சில மணி நேரத்தில் கால்கள் விரியத் தொடங்கும். வாயைச் சுற்றி வெள்ளைப் படலம் தெரிந்து, சாப்பாட்டையும் ஒதுக்கினால் நூற்புழுவாக இருக்கலாம். அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வைத்து, அதற்குத் தனி இடுக்கி பயன்படுத்தி, சிலந்திகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

குஞ்சின் கடி பொதுவாகப் பெரிய விஷயம் இல்லை. ஆனாலும் வெறுங்கையை உள்ளே விடும் பழக்கம் குஞ்சிலேயே வந்துவிட்டால், அது வளர்ந்த பிறகும் தொடரும். பொயிசிலோதெரியா போன்ற இனங்கள் வளர்ந்தபின் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும், சிலருக்கு அது நாள்கணக்கில் நீடிக்கும். அப்படிக் கடிபட்டால், அல்லது எந்தக் கடியிலாவது மூச்சுத்திணறல், வீக்கம் வந்தால், மருத்துவமனைக்குப் போங்கள்.

அரிப்பு முடி கண்ணில் படுவது கடியைவிட மோசமானது. முடி கண்ணுக்குள் குத்தி நிற்கும், கண் மருத்துவர்தான் எடுக்க முடியும். மூடியைத் திறக்கும்போது முகத்தைப் பெட்டிக்கு நேர்மேலே கொண்டுபோகாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தீனி போட ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இடுக்கி பெரியவர் கையில் இருக்கட்டும்.

வளர வளர

4 செ.மீ. தாண்டியதும் உயிருள்ள இரையைத் தைரியமாகப் போடலாம். ஆனால் 24 மணி நேர விதி அப்படியேதான். வாரம் ஒருமுறை, அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டுங்கள். முழு வளர்ச்சி அடைந்த சிலந்திக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நல்ல இரை போதும். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் பிறகு மேலோடு கொஞ்சம் பெரிதாகியிருக்கும் என்பதால், இரையின் அளவையும் அப்போதுதான் கூட்ட வேண்டும், நடுவில் வேண்டாம். பெட்டி மாற்றுவதாக இருந்தாலும் உரித்து, பல் கருத்து, முதல் தீனி சாப்பிட்ட பிறகு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு வாரம் தண்ணீர் மட்டும் வைத்து விட்டுவிடுங்கள், புது மண்ணில் வலை போட ஆரம்பித்ததும் வழக்கமான தீனியைத் தொடரலாம்.